ஃபிளாட்டை எழுதிக் கொடுத்துவிட்டு 15 லட்சம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்: ஜீவனாம்சமும் சொத்தும் எப்படிப் பிரியும்?

சேலத்துக்காரி (கேள்வி):

தங்கச்சிக்காகக் கேட்கிறேன். 2014-ல் இந்து முறைப்படி கல்யாணம், பதிவும் ஆகியிருக்கிறது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. கணவர் 14 மாதமாகத் தன் அம்மா வீட்டில் இருக்கிறார். தங்கச்சியும் பிள்ளைகளும் சேலத்து ஃபிளாட்டில் இருக்கிறார்கள்.

விவரம் இதுதான். கணவருக்குப் பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 92,000. தங்கச்சி எம்.எஸ்சி., பி.எட்.; மகள் பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. ஃபிளாட் இருவர் பெயரிலும் இருக்கிறது. இன்றைய விலை சுமார் 60 லட்சம், வீட்டுக்கடன் பாக்கி 21 லட்சம், இ.எம்.ஐ. அவர் கட்டுகிறார். கல்யாணத்தில் போட்ட 55 சவரனில் 20 சவரனை விற்றுத்தான் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். மீதி 35 சவரன் இருவரும் திறக்கக்கூடிய வங்கி லாக்கரில். மாமனார் பெயரில் நாமக்கல் பக்கம் 4 ஏக்கர்.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு வரச் சொல்கிறார்கள். மொத்தமாக 15 லட்சம் தருவார்களாம். பதிலுக்கு ஃபிளாட்டில் உள்ள பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு, தனக்கோ பிள்ளைகளுக்கோ இனி எந்த உரிமையும் இல்லை என்று கையெழுத்துப் போடணுமாம். "கணவர் சொத்தில் பாதி சட்டப்படி வரும்" என்கிறார் ஒரு உறவினர். "ஒரு சதுர அடி கூட வராது, கொடுப்பதை வாங்கிக்கோ" என்கிறார் இன்னொருவர். எது சரி?

---

வக்காலத்து:

இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

இந்து திருமணச் சட்டம் 1955-ல் விவாகரத்தின்போது கணவன் மனைவி சொத்தைக் கூட்டி இரண்டாகப் பிரிக்கும் ஏற்பாடே கிடையாது. அப்படி ஒரு முறை உள்ள இடம் கோவா. அங்கே போர்த்துகீசியர் காலத்து சிவில் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நம்மிடம் "பாதி" என்ற பேச்சு கிளம்ப இரண்டு காரணம். திருமணச் சட்டத் திருத்த மசோதா 2010 கணவர் சொத்தில் மனைவிக்குப் பங்கு கொடுக்கப் பார்த்தது. 2013-ல் மாநிலங்களவையில் நிறைவேறியும், மக்களவை கலைந்ததால் காலாவதியாகிவிட்டது. அடுத்தது 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்ன தீர்ப்பு. கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்ட குடும்பம் அது. அந்த உழைப்பும் சொத்து சேர்வதற்கான பங்களிப்புதான் என்று மனைவிக்குச் சம பங்கு கொடுத்தார். மதிக்க வேண்டிய தீர்ப்பு, வாதத்தில் கட்டாயம் வைக்கலாம். ஆனால் அது ஒரு சொத்து வழக்கில் ஒற்றை நீதிபதி சொன்னது. எல்லா விவாகரத்திலும் தானாகப் பொருந்தும் சட்டப் பிரிவு அல்ல.

ஆகவே சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு என்பதுதான் இங்கே தொடக்கப் புள்ளி. அதை வைத்து உங்கள் தங்கச்சி விஷயத்தைப் பாருங்கள்.

ஃபிளாட் கூட்டுப் பெயரில் இருக்கிறது. அவர் பங்கு விவாகரத்தால் வருவதுமில்லை, போவதுமில்லை. பத்திரத்தால் ஏற்கனவே அவருடையது. பத்திரத்தில் பங்கு விகிதம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதாவிட்டால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 45-வது பிரிவு வரும். யார் எவ்வளவு பணம் போட்டார் என்று நிரூபித்தால் அந்த விகிதம், நிரூபிக்கப்படாவிட்டால் சம பங்கு. "இ.எம்.ஐ. முழுக்க நான்தான் கட்டினேன்" என்று கணவர் தரப்பு வாதாடப்போவது நிச்சயம். 20 சவரனுக்கான சான்று அப்போதுதான் கைகொடுக்கும்.

மாமனார் நிலத்தில் மருமகளுக்குப் பங்கு இல்லை. பிள்ளைகளுக்கு இருக்கலாம். நிலம் மாமனார் சம்பாதித்ததா, பூர்வீகமா என்பதைப் பொறுத்தது. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு அவர் தன் அப்பாவிடமிருந்து வாரிசாகப் பெற்றிருந்தால், பெரும்பாலும் அது அவருடைய தனிச் சொத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். கூட்டுக் குடும்பச் சொத்துப் பாகப்பிரிவினையில் வந்திருந்தால் பேரன் பேத்தி இருவருக்கும் பிறப்பால் உரிமை உண்டு. அந்தச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பெண் பிள்ளைக்கும் அதே உரிமை. தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் "பிள்ளைகளுக்கும் உரிமை இல்லை" என்ற வரியில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இன்னொன்று: ஃபிளாட்டை விட்டு வெளியேற வேண்டாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, 17-வது பிரிவு, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைத் தருகிறது. வீடு மாமியார் மாமனார் பெயரில் இருந்தால்கூட அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் சொல்லிவிட்டது. இங்கே சொந்தப் பெயரிலேயே இருக்கிறது. காலி செய்துவிட்டுப் பேசப் போனால் பேச்சில் பாதி பலம் போய்விடும்.

---

மஞ்சக்கிழங்கு:

நகையைப் பற்றி நான் எழுதுகிறேன். பேச்சுவார்த்தையில் முதலில் காணாமல் போவது அதுதான்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கென்று வந்தது எல்லாம் ஸ்திரீதனம். போட்டது தாய்வீடாக இருந்தாலும் புகுந்த வீடாக இருந்தாலும் அவளுடைய முழுச் சொத்து. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பவும் தெளிவாகச் சொன்னது. கஷ்டகாலத்தில் கணவர் அதை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்றது. 89 சவரன் சம்பந்தப்பட்ட வழக்கு. 25 லட்சம் கொடுக்க உத்தரவானது. எனவே 35 சவரனை "15 லட்சத்துக்குள் அடக்கம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஜீவனாம்சக் கணக்கு வேறு, நகைக் கணக்கு வேறு.

இருவரும் திறக்கக்கூடிய லாக்கர் என்றால் இன்றைக்கே கிளையில் எழுத்துமூலமாகக் கொடுத்து, இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கலாம் என்று மாற்றக் கேளுங்கள். அதோடு லாக்கர் வருகைப் பதிவேட்டின் நகலும் கேட்டு வையுங்கள். யார் எந்தத் தேதியில் திறந்தார் என்று அதில் இருக்கும்.

பட்டியல் எழுதும்போது "நகை 35 சவரன்" என்று ஒரே வரியில் எழுதினால் நீதிமன்றத்தில் நிற்காது. உருப்படி உருப்படியாக எழுத வேண்டும்: ஆரம் 1, மொத்த எடை 48 கிராம், கல் எடை 2.300, நிகர எடை 45.700, வாங்கிய கடை, பில் தேதி, யார் போட்டது, கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தில் தெரிகிறது. தோடு, ஜிமிக்கி, மாட்டல், வளையல் எல்லாவற்றுக்கும் இதே மாதிரி. 2014 நகையில் ஆறிலக்க ஹால்மார்க் எண் இருக்காது (அது 2021-ல்தான் வந்தது). ஆகவே பில்லும் படமும்தான் ஆதாரம். பில் தொலைந்திருந்தால் நகைச்சீட்டு அட்டை, அப்பாவின் வங்கிக் கணக்கில் கடைக்குப் போன தொகை, சீர்வரிசைப் பட்டியல், மொய் நோட்டு எல்லாம் உதவும். மொய் நோட்டைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தாய்மாமன் போட்ட சங்கிலி, அத்தை போட்ட மோதிரம் எல்லாம் அதில் தேதியோடு, பெயரோடு, அந்தக் காலத்துக் கையெழுத்தில் இருக்கும்.

கோரிக்கையை "நகையாகவே திருப்பித் தர வேண்டும், இல்லையேல் கொடுக்கும் நாளின் சந்தை மதிப்பு" என்று எழுதுங்கள். வாங்கிய விலையைக் கேட்டால் 2014 விலைதான் கிடைக்கும். இந்தப் பத்து வருடத்தில் தங்கம் எங்கே போய்விட்டது என்று உங்களுக்கே தெரியும்.

அந்த 20 சவரனில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை ஸ்திரீதனமாகத் திருப்பிக் கேட்பது ஒரு வழி, ஃபிளாட்டில் போட்ட பங்களிப்பாகக் காட்டுவது இன்னொரு வழி. இரண்டையும் முழுசாகக் கேட்டால் ஒரே நகைக்கு இரண்டு முறை கேட்கிறார் என்று எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். ஒன்றை முதன்மையாகவும் மற்றதை மாற்றுக் கோரிக்கையாகவும் மனுவில் எழுதச் சொல்லுங்கள். நகைக்கடையின் பழைய நகை வாங்கிய ரசீது, அந்தப் பணம் கணக்கில் ஏறிய தேதி, பில்டருக்குப் போன தேதி மூன்றும் ஒன்றையொன்று தொட்டு நின்றால் போதும்.

---

கணக்குப்பிள்ளை:

15 லட்சம் என்ற எண்ணையே முதலில் உடைத்துப் பார்ப்போம்.

ஃபிளாட்: 60 லட்சத்தில் கடன் 21 போக 39. சம பங்கு என்றால் தங்கச்சிக்கு 19.5 லட்சம். அதாவது ஃபிளாட்டில் உள்ள பங்கு மட்டுமே அவர்கள் கொடுக்கும் தொகையைத் தாண்டுகிறது. ஜீவனாம்சத்துக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் ஒரு ரூபாய்கூட வைக்கவில்லை. இதை ஒரு தாளில் எழுதி எதிரில் வையுங்கள், பேச்சின் போக்கே மாறும்.

இனி ஜீவனாம்சம். சட்டத்தில் வாய்ப்பாடு எதுவும் இல்லை. நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் ஒரு மேற்கு வங்க வழக்கில் சொன்னதை எல்லோரும் அளவுகோலாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அதே வழக்கில் கணவருக்கு இன்னொரு குடும்பமும் குழந்தையும் இருந்ததால் 23,000-ஐ 20,000-ஆகக் குறைத்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அளவுகோல்தான், உச்சவரம்பும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. 92,000-க்கு 25 சதவீதம் 23,000. பிள்ளைகள் செலவு இதற்குள் வராது, தனியாகக் கேட்க வேண்டும். பள்ளிக் கட்டணம், வேன், சீருடை, மருத்துவம், டியூஷன் எல்லாம் ரசீதோடு கூட்டி மாதம் 15,000 வருகிறது என்று வையுங்கள். மொத்தம் 38,000.

15 லட்சத்தை 38,000-ஆல் வகுத்தால் 39 மாதம் சொச்சம். மூன்றேகால் வருடம். அப்போது மகளுக்கு வயது 12, மகனுக்கு 9. வேறு விதமாகப் பார்த்தால், 15 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு எஃப்.டி.யில் போட்டால் மாதம் 8,750 வரும்.

"கையில் 92,000" என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். வருமான வரி, பி.எஃப்., தொழில்வரி மாதிரி கட்டாயப் பிடித்தங்களைத்தான் நீதிமன்றங்கள் பொதுவாகக் கழிக்கின்றன. தானாக விரும்பிக் கூட்டிய பி.எஃப்., கூட்டுறவு சங்கக் கடன், திடீரென்று எடுத்த தனிநபர் கடன் இவற்றைத் திரும்பக் கூட்டிப் பார்க்கச் சொல்லலாம். சம்பளச் சீட்டை வரிவரியாகப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் போனஸ் மாதச் சீட்டில் தெரியாது, வரிப் பிடித்தத்துக்கு நிறுவனம் தரும் படிவம் 16-ல் தெரியும்.

2020 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் அலுவலகத்தில் கொடுக்கும் படிவத்தில் "இல்லை", "பொருந்தாது" என்று நிரப்பிவிட்டு வருவது பெரிய தவறு. தங்கச்சி வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து ஜிபேயில் 3,000 வாங்கினால்கூட அதை எழுதட்டும். எதிர்த்தரப்பு வங்கி அறிக்கையை வரவழைத்தால், 3,000 ரூபாயை மறைத்ததற்காக 23,000 கோரிக்கை முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பொய் வாக்குமூலத்துக்குத் தனி நடவடிக்கையும் வரலாம். கணவருக்கும் இதே விதிதான்.

"பி.எட். படித்தவர், வேலைக்குப் போகலாமே" என்று கட்டாயம் கேட்பார்கள். சம்பாதிக்கும் தகுதி இருப்பதும் சம்பாதிப்பதும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. தகுதி இருப்பதால் தொகை கொஞ்சம் குறையலாம், உரிமை போகாது. அதேபோல கணவருடைய அந்தஸ்துக்குச் சமமாக மனைவியை உயர்த்துவதும் ஜீவனாம்சத்தின் வேலை இல்லை என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சேர்ந்து வாழ்ந்தபோது இருந்த வாழ்க்கைத் தரம்தான் கணக்கு.

---

சேலத்துக்காரி:

கணக்கைப் பார்த்ததும் எங்களுக்கே அதிர்ச்சியாக இருக்கிறது. இரண்டு சந்தேகம். இன்னும் எந்த வழக்கும் போடவில்லை. பேச்சு முடியும்வரை மாதச் செலவுக்கு என்ன வழி? ஊர்ப் பெரியவர்கள் முன்னால் "இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று 100 ரூபாய் பத்திரத்தில் எழுதலாம் என்கிறார்கள். எழுதலாமா?

---

வக்காலத்து:

எழுதவே வேண்டாம்.

முதல் காரணம், நோட்டரி முத்திரை போட்ட பத்திரம் விவாகரத்து ஆகாது. இரண்டாவது காரணம்தான் ஆபத்தானது. ஜீவனாம்சம் கேட்கும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாகிவிட்டது. அதன் 4-வது உட்பிரிவு, பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்கிறது. விவாகரத்து ஆன பெண்ணுக்கு அந்தத் தடை பொருந்தாது. ஆனால் விவாகரத்துக்கு முந்தைய இந்தக் காலத்தில் பொருந்தும். சமாதானத்துக்கு என்று எழுதிய பத்திரத்தை எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே ஆவணமாகப் போட்டுவிடும்.

மாதச் செலவுக்கு: இந்து திருமணச் சட்டம் 24-ன்படி இடைக்கால ஜீவனாம்சம் கேட்க, அந்தச் சட்டப்படி ஒரு வழக்கு நிலுவையில் இருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் இல்லை. ஆகவே 144 மனு. சேலத்தில் குடும்ப நல நீதிமன்றம் இருக்கிறது, மனு அங்கே. மனைவி வசிக்கும் ஊரிலேயே போடலாம். அதோடு இடைக்கால மனுவும் சேர்த்துப் போட வேண்டும். நோட்டீஸ் கணவருக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து முடிந்தவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும். முகவரி தவறு, கணவர் ஊரில் இல்லை, வாக்குமூலத்துக்கு அவகாசம் என்று இழுப்பார்கள். அதனால்தான் அலுவலக முகவரியையும் மனுவில் சேர்க்கச் சொல்வது.

ரஜ்னேஷ் தீர்ப்புப்படி ஜீவனாம்சம் மனு தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்காகும், உத்தரவு வந்த நாளிலிருந்து அல்ல. "பேசிப் பார்த்துவிட்டுப் போடலாம்" என்று ஆறு மாதம் காத்திருந்தால் அந்த ஆறு மாதம் கணக்கில் வராது. மனு போட்டுவிட்டும் பேசலாம். எத்தனையோ சமரசங்கள் மனு நிலுவையில் இருக்கும்போதுதான் முடிகின்றன.

தங்கும் உத்தரவும் நகையும் சேர்த்து வேண்டுமென்றால் குடும்ப வன்முறைச் சட்டம் 12-வது பிரிவில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம். அந்தச் சட்டத்தில் வன்முறை என்பதற்குள் பொருளாதார வகையும் அடங்கும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் போடலாம். இரண்டு இடத்திலும் ஜீவனாம்சம் கேட்கலாம், ஆனால் ஓரிடத்தில் கிடைத்ததை இன்னோரிடத்தில் சொல்ல வேண்டும்; தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.

(படிக்கும் மற்றவர்களுக்கு: மேலே சொன்னது இந்து தம்பதிக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டம் 36, 37 பிரிவுகள். பதிவுத் திருமணம் சிறப்புத் திருமணச் சட்டத்தில் என்றால் அதன் 36, 37. அங்கே மனைவி மட்டுமே கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தில் கணவரும் கேட்கலாம். 125 அல்லது 144 வழி எல்லா மதப் பெண்களுக்கும் உண்டு. முஸ்லிம் பெண்களுக்கும் உண்டு என்பதை 2024 ஜூலை 10-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.)

---

சார்பதிவு மேசை:

ஃபிளாட்டை எழுதிக் கொடுப்பதாகவே முடிவானால், எந்த நாளில் எழுதுகிறீர்கள் என்பது லட்சக்கணக்கில் வித்தியாசம் செய்யும்.

தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கு இடையே எழுதும் விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுப்பது), செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 (2023 ஜூலையில் உயர்த்தியது). விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் கணவன் மனைவி இல்லை, குடும்பம் என்ற கணக்கில் வரமாட்டார்கள். அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம் ஆகிவிடும். "தீர்ப்பு வரட்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, பிறகு அந்தச் செலவை யார் ஏற்பது என்று இன்னொரு சண்டை கிளம்புவது வாடிக்கை.

ஆனால் தீர்ப்புக்கு முன்னால் எழுதிக் கொடுத்தால் பணம் வராமல் போகும் ஆபத்து தங்கச்சிக்கு. பரஸ்பர சம்மத விவாகரத்தில் (இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவு) முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் இடையே 6 மாதக் காத்திருப்பு இருக்கிறது. பிரிந்து 18 மாதம் ஆன பிறகு முதல் மனு போட்டால் அந்தக் காத்திருப்பை விலக்கக் கேட்கலாம், உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்புப்படி. தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். எனவே பத்திரம் பதியும் அன்றைக்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் டி.டி. கைமாற வேண்டும். மீதித் தொகை இரண்டாவது மனு விசாரணையன்று நீதிபதி முன்னால், டி.டி. எண்ணைத் தீர்ப்பில் குறிக்கும்படி. காசோலை வாங்க வேண்டாம்.

இன்னொரு வழி, ஃபிளாட்டை மனுவின் சொத்து விவர அட்டவணையிலேயே சேர்த்து, சமரசத் தீர்ப்பாக வாங்குவது. வழக்குக்கு உட்பட்ட சொத்து என்றால் பதிவுச் சட்டம் 17-வது பிரிவில் விலக்கு உண்டு. வழக்கில் இல்லாத சொத்தைச் சமரசத்தில் புதிதாக நுழைத்தால் விலக்கு போய்விடும். அட்டவணையில் சர்வே எண், பிரிபடாத பாக நிலம், கதவு எண், நான்கு எல்லை எல்லாம் மூலப்பத்திரத்தில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்கட்டும். "சேலம் ஃபிளாட்" என்று எழுதிய தீர்ப்பை வைத்துப் பட்டா கூட மாற்ற முடியாது.

அடுத்தது வங்கி. ஃபிளாட்டை எழுதிக் கொடுத்தாலும் கடன் ஒப்பந்தத்தில் தங்கச்சி கூட்டுக் கடனாளியாகவே இருப்பார். விவாகரத்துத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. கணவர் மூன்று இ.எம்.ஐ. தவறவிட்டால் தங்கச்சியின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். நாளைக்கு ஒரு கல்விக் கடனுக்குப் போனால் மறுப்பார்கள். ஆகவே முதல் மனுவில் கையெழுத்து வைப்பதற்கு முன் கணவர் ஒற்றைப் பெயரில் கடனை மாற்ற வங்கியின் எழுத்துமூல ஒப்புதலைக் கொண்டுவரட்டும். அவருடைய தனிச் சம்பளத்தில் 21 லட்சத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று வங்கி புதிதாகப் பார்க்கும். இந்த வங்கி மறுத்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. கடன் முடிந்ததும் பத்திர ஒப்படைப்புக்கான ரத்து ரசீதும் பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் தொங்கிக்கொண்டே இருக்கும்.

---

நெல்லை வாசகி:

மொத்தமாகவா மாதாமாதமா என்பதில் என் கருத்து: தங்கச்சிக்கு மொத்தமாக, பிள்ளைகளுக்கு மாதாமாதம்.

மாத ஜீவனாம்சத்துக்கு விலைவாசிப் பிரச்சினை. உத்தரவிலேயே உயர்வு எழுதினால்தான் உயரும். 2025-ல் ஒரு வழக்கில் மாதம் 50,000, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு என்று உச்ச நீதிமன்றமே நிர்ணயித்தது. அந்த மாதிரி வரியைக் கேட்டு வாங்குங்கள். மறுமணம் செய்தால் மாதத் தொகையை இந்து திருமணச் சட்டம் 25-வது பிரிவின் கீழ் நிறுத்தச் சொல்லி மனு போடலாம், மொத்தமாக வாங்கியதைத் திருப்பிக் கேட்பதில்லை. மாதத் தொகை வருமானமாகக் கணக்கிடப்படும், மொத்தத் தொகை மூலதன வரவாகப் பார்க்கப்படுகிறது.

"இனி ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்" என்று தங்கச்சி தனக்காக எழுதலாம். பிள்ளைகளுக்காக எழுதும் உரிமை தாய்க்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை. அவர்கள் பங்கைத் தனி வரியாக, தனித் தொகையாக எழுதுங்கள். மகளுக்கு 9 வயது என்றீர்கள். செல்வமகள் சேமிப்புக் கணக்கு 10 வயது முடிவதற்குள் தொடங்க வேண்டும். ஏற்கனவே இல்லையென்றால் இந்த வாரமே அஞ்சலகத்தில் தொடங்கிவிடுங்கள். பிறகு வருடம் இவ்வளவு தகப்பன் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். வருட உச்சவரம்பு 1.5 லட்சம்.

---

சேலத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. மனு போடப்போகிறோம் என்று தெரிந்ததும் கணவர், "வேலையை விட்டுவிடுவேன், ஒரு பைசா வாங்க முடியாது" என்கிறார். அவர் பெயரில் ஒரு மனை இருக்கிறது. அதைத் தம்பிக்கு எழுதி வைக்கப் போவதாகவும் காதில் விழுந்தது.

---

வக்காலத்து:

உடல் ஆரோக்கியமும் தகுதியும் உள்ளவர் வேலையை விட்டால், சம்பாதிக்கக்கூடிய அளவை வைத்தே உத்தரவு போடுவார்கள். ராஜினாமா தேதியும் நோட்டீஸ் கிடைத்த தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதுவே அவருக்கு எதிரான சாட்சி. இப்போதே கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு அல்லது வங்கியில் சம்பளம் ஏறிய விவரம் கையில் இருந்தால் எடுத்து வையுங்கள்.

மனைக்கு: பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டு இன்றைய நிலையைப் பதிவிறக்கம் செய்யுங்கள். ஜீவனாம்ச மனுவோடு, அந்த மனையை விற்கவோ தானம் செய்யவோ கூடாது என்று தடை கேட்டு, இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 18-ன்படி குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அதற்குள் தம்பிக்கு எழுதிவிட்டாலும் முழுக்கக் கைவிட்டுப் போகவில்லை. பணம் கொடுக்காமல் தானமாக வாங்கியவர் மீதும், ஜீவனாம்ச உரிமை இருப்பது தெரிந்தே வாங்கியவர் மீதும் அந்த உரிமை தொடரும். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 39-வது பிரிவும், ஜீவனாம்சச் சட்டம் 28-வது பிரிவும் அதற்கானவை. தம்பிக்கும் அவர் அப்பாவுக்கும் இப்போதே பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் பிறகு "தெரியாது" என்று சொல்ல முடியாது.

உத்தரவு வந்தும் கட்டாவிட்டால், வேலையில் இருப்பவர் என்றால் சம்பள ஜப்தி. மற்றக் கடன்களுக்குச் சம்பளத்தில் கொஞ்சம்தான் பிடிக்க முடியும். ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு மீதியைப் பிடிக்கலாம். 144-ன் கீழ் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம்வரை சிறை. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வாரண்ட் கேட்கும் மனுவைத் தொகை கட்டவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். "மொத்தமாகச் சேரட்டும்" என்று இரண்டு வருடம் விட்டுவிட்டால் பழைய பாக்கிக்கு இந்த வழி அடைபடும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வசூல் மனு என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆதார் நகலோடு விண்ணப்பம் கொடுத்தால் வக்கீலை நியமிப்பார்கள். தொலைபேசியில் கேட்க 15100. போகும்போது கல்யாணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஃபிளாட் பத்திர நகல், நகைப் பட்டியல், பள்ளி ரசீதுகள் எல்லாம் இரண்டு இரண்டு நகல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். அசல் எதையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.